மாட்டியவரே கழற்ற வேண்டும்

எங்கள் ஊரில் யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்கிற கேள்வி, "எந்த ஹைஸ்கூல்?" என்பதுதான். கல்யாண வீட்டிலும் கேட்பார்கள், இழவு வீட்டிலும் கேட்பார்கள். பல் பிடுங்கப் போனால் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு டாக்டர் கேட்பார். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் பிறந்தவர்களுக்கு அந்த ஒரு பதில் போதும். நீ எந்தப் பேட்டை, உன் அப்பாவுக்கு என்ன வேலை, எந்தச் சர்ச்சுக்குப் போகிறாய், எல்லாம் தெரிந்துவிடும். ஹாலரன் என்று சொன்னால் மட்டும் ஒன்றும் தெரியாது. எனக்கு அந்தப் பள்ளியைப் பிடித்ததற்கு அதுவே முதல் காரணம்.

ஹாலரன் ஒரு மேக்னட் பள்ளி. பேட்டைப் பள்ளி என்றால் வீட்டுக்குப் பக்கத்தில் எது இருக்கிறதோ அதற்குப் போய்த் தொலைய வேண்டும். மேக்னட் பள்ளிக்கு ஊரின் எந்த மூலையிலிருந்தும் வரலாம். குலுக்கலில் பெயர் விழ வேண்டும், பிடித்த பிரிவைக் கேட்டு எழுதியிருக்க வேண்டும், அவ்வளவுதான். சட்டப் பிரிவுக்காரர்கள் கழுத்தில் டையைக் கட்டிக்கொண்டு ஒருவரை ஒருவர் குறுக்கு விசாரணை செய்தபடி படியேறுவார்கள். மருத்துவப் பிரிவுக்காரர்களிடம் கையைக் கொடுத்தால் ரத்த அழுத்தம் பார்க்காமல் விடமாட்டார்கள். சமையல் பிரிவு ரவியோலி என்கிற கறி அடைத்த மாவுத் துண்டுகளை வறுக்க ஆரம்பித்தால், அந்த வாசனையில் மேல்மாடிக் கணக்கு வகுப்பு அன்றைக்கு அம்போ.

எங்கள் விமானப் பிரிவு பின்கட்டில், தகரக் கூரை போட்ட பெரிய கொட்டகையில் இருந்தது. உள்ளே நாலு பேர் உட்காரும் பழைய விமானம் ஒன்று. பறக்காது, ஆனால் என்ஜின் ஓடும். அதைப் பிரித்து, மாட்டி, மறுபடி பிரித்துத்தான் நாங்கள் படித்தோம். பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்போது மெக்கானிக் உரிமத் தேர்வு எழுதலாம். உரிமம் கையில் இருந்தால் விமான நிலையத்தில் நேரே வேலை. எங்கள் வீட்டில் யாரும் விமானத்தில் ஏறியதில்லை. நான் அதன் வயிற்றுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பேன். என் பெயர் டெல்ஃபின் ரக்கர். வீடு வடக்குப் பக்கம், கறுப்பர்கள் இருக்கிற பேட்டை. இரண்டு பஸ் மாறி வருவேன், யார் குறை சொன்னாலும் வாயை மூடிக்கொண்டு இருக்கமாட்டேன்.

எங்கள் வாத்தியார் லோமாக்ஸ் விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சு கம்மி, முறைப்பு ஜாஸ்தி. அவர் கொட்டகையில் சில வழக்கங்கள் உண்டு. சுவரில் பெரிய பலகை. ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்தைப் பலகையில் கறுப்பாக வரைந்திருக்கும். கருவியை எடுத்தால் அந்த இடத்தில் உன் பெயர் பொறித்த பித்தளை வில்லையை மாட்டிவிட்டுப் போக வேண்டும். வேலை முடிந்ததும் பலகையில் ஒரு கறுப்பு உருவம்கூட வெறுமையாக இருக்கக் கூடாது. இருந்தால் கொட்டகையை விட்டு ஒருவரும் நகரக் கூடாது, வாத்தியார் உட்பட. மறந்து என்ஜினுக்குள் விட்ட கருவி ஆளைக் கொல்லும் என்பதால் இது. வாரத்துக்கு ஒருவர் பலகைக்குப் பொறுப்பு. அந்த வாரம் லோமாக்ஸே அவரிடம் கேட்டுத்தான் கருவி எடுப்பார்.

இரண்டாவது வழக்கம் சிவப்பு அட்டை. 'இயக்காதே' என்று பெரிதாக அச்சடித்திருக்கும். கீழே பெயர், காரணம் எழுத இரண்டு கோடு. கடைசியில் 'மாட்டியவரே கழற்ற வேண்டும்' என்று ஒரு வரி. ஒரு இயந்திரத்தை ஓட்டினால் ஆபத்து என்று நீ நினைத்தால் அட்டையில் எழுதி மாட்டிவிடலாம். அதற்குப் பிறகு அதை வேறு யாரும் தொடக் கூடாது. நாட்டின் ஜனாதிபதி வந்து நின்றாலும் கூடாது என்பார் லோமாக்ஸ்.

நவம்பரில் பள்ளியின் காட்சி நாள் வரும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளும் பெற்றோரும் வந்து ஒவ்வொரு பிரிவாகச் சுற்றிப் பார்த்து, குலுக்கலுக்கு எதை எழுதலாம் என்று முடிவு செய்வார்கள். அன்றைக்குப் பிரிவுகளுக்குள் நடக்கிற ஆள்பிடிப்பில் சந்தைக்கடை தோற்கும். அந்த வருஷம் கூடுதலாக ஒரு வினை வந்து சேர்ந்தது. செலவைக் குறைக்க எந்தப் பிரிவை மூடலாம் என்று யோசனை சொல்ல ஒரு ஆலோசனைக் கம்பெனியிலிருந்து கெல்லர்மன் என்று ஒருவர் வந்திருந்தார். ஒட்டகநிறக் கம்பளிக் கோட்டு, பளபளக்கும் பூட்ஸ். எங்கள் பிரிவின் தலையெழுத்து அவர் பேனாவில் இருந்தது. மூடிவிட்டால் நாங்கள் எல்லோரும் அவரவர் பேட்டைப் பள்ளிக்குத் திரும்ப வேண்டியதுதான். உரிமமும் கிடையாது, வேலையும் கிடையாது.

அந்த வாரம் பலகைக்குப் பொறுப்பு நான்.

காலையிலேயே முதல்வர் டாக்டர் ஹைன்ஸ் கொட்டகைக்கு வந்தார். நல்ல உயரம், நறுக்கென்று பேசுவார்.

"டெல்ஃபின், இன்னைக்கு ஒரு நாள் இந்த வில்லை கில்லை எல்லாம் வேண்டாம். வர்றவங்க கருவியைத் தொட்டுப் பாக்கட்டும், கையில எடுக்கட்டும். வாசல்ல நின்னு சுங்கம் வசூலிக்காத."

"மேடம், வில்லை இல்லாம எடுத்தா யார் எடுத்தாங்கன்னு தெரியாது."

"விருந்தாளிங்கம்மா. திருடிட்டுப் போகவா வந்திருக்காங்க?"

லோமாக்ஸ் மூக்கால் ஒரு பெருமூச்சு விட்டதோடு சரி. சம்பளம் வாங்குகிறவர்.

கூட்டம் வந்தது. என் வகுப்புத் தோழன் அர்மின் ஹோஜிச் கம்பி முறுக்கும் குறடை எடுத்து வித்தை காட்டிக்கொண்டிருந்தான். விமானத்தில் திருகாணி அதிர்ந்து கழன்றுவிடாமல் இருக்க மெல்லிய கம்பியால் கட்டுவோம். அதற்கென்று ஒரு குறடு. கம்பியைக் கவ்வவிட்டு அடியில் இருக்கும் குமிழை இழுத்தால், குறடு தானே சுழன்று கம்பியைப் பின்னிவிடும். ஒருமுறை இழுத்தவர்கள் இன்னொரு முறை இழுக்காமல் கீழே வைக்கமாட்டார்கள். அர்மின் தெற்குப் பக்கத்துப் பையன், போஸ்னியா நாட்டிலிருந்து வந்த குடும்பம். அவன் வாய்க்குப் பூட்டே கிடையாது.

"வாங்க வாங்க! சமையல் பிரிவுல சேந்தா வெங்காயம் உரிக்கணும். சட்டப் பிரிவுல சேந்தா பொய் சொல்லணும். இங்க வந்தா இத இழுத்துக்கிட்டே இருக்கலாம்!"

எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி குறடை வாங்கி இழுத்தாள். மறுபடி இழுத்தாள். சட்டையில் நான் படித்த அதே வடக்குப் பக்கப் பள்ளியின் முத்திரை. இரண்டு பின்னல், ஒன்று அவிழ்ந்திருந்தது.

"இது ஏன் வலப்பக்கம் மட்டும் சுத்துது?" என்று கேட்டாள்.

"ஏன்னா பாதிக் கம்பியை அப்படிக் கட்டினா போதும்," என்றான் அர்மின்.

"மீதிப் பாதிக்கு?"

அவன் திருதிருவென்று முழித்தான். எனக்கு அந்த நிமிஷமே அவளைப் பிடித்துவிட்டது. இடப்பக்கம் சுற்றும் குறடை எடுத்துக் காட்டினேன். பெயர் கேட்டேன். ஜூபிலி டர்னர் என்றாள். அட்டை, பலகை, வில்லை எல்லாவற்றையும் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டாள். சிவப்பு அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் படித்தாள்.

"நீங்க மாட்டினா பிரின்சிபல்கூட எடுக்க முடியாதா?"

"முடியாது."

"சும்மா சொல்றீங்க."

"நீயே வச்சுக்கோ," என்று எழுதாத அட்டை ஒன்றை அவளிடம் கொடுத்தேன். அவள் அதை மடிக்காமல் பைக்குள் வைத்தாள்.

பிறகு கெல்லர்மன் வந்தார். முதல்வர் கூடவே வந்தார். படம் எடுத்தார்கள், கெல்லர்மனும் குறடை இழுத்தார், சிரித்தார். கூட்டம் முண்டியடித்தது. எல்லோரும் ரவியோலி தின்ன மாடிக்குப் போனார்கள்.

மதியம் என்ஜினை ஓட்டிக் காட்டுவதாக ஏற்பாடு. அதுதான் எங்கள் துருப்புச் சீட்டு. விமானத்தை முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தோம். நல்ல குளிர். பெற்றோர்கள் கைகளைத் தேய்த்துக்கொண்டு வேலி ஓரமாக நின்றார்கள். நான் பலகையைப் பார்க்க உள்ளே போனேன். வலப்பக்கம் சுற்றும் குறடின் கறுப்பு உருவம் வெறுமையாக இருந்தது.

மேசைக்கு அடியில், பெட்டிகளில், விமான இருக்கைக்குக் கீழே, எங்கும் தேடினோம். அர்மின் தன் பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்டினான். "நான் மேசைலதான் வச்சேன்டி. எங்கம்மா மேல சத்தியம்."

காலையில் அந்த விமானத்தின் என்ஜின் மூடியைத் திறந்து வைத்துத்தான் எல்லோருக்கும் காட்டினோம். எத்தனையோ கைகள் உள்ளே போய் வந்தன. குறடு உள்ளே எங்காவது கிடந்தால், என்ஜின் சுற்றும்போது வெளியே பறந்து வரும். வேலி ஓரத்தில் நிற்கிற குழந்தைகள் முகத்தில் வரும்.

நான் அட்டையை எடுத்தேன். பெயர் எழுதினேன். காரணம்: குறடு காணோம். போய் விமானத்தின் காற்றாடியில் கட்டினேன்.

முதல்வர் முற்றத்தின் குறுக்கே வேகமாக வந்தார். முகத்தில் சிரிப்பு இருந்தது, குரலில் இல்லை.

"என்ன பண்றே?"

"குறடு காணோம் மேடம். கிடைக்கிற வரைக்கும் ஓட்ட முடியாது."

"கெல்லர்மன் பத்து நிமிஷத்துல கிளம்பறார். இதப் பாக்காம போனா என்ன ஆகும்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும் மேடம்."

"மிஸ்டர் லோமாக்ஸ், அட்டையை எடுங்க."

லோமாக்ஸ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "இந்த வாரம் அவளோடது, டாக்டர் ஹைன்ஸ். என் கை அதுல படாது."

முதல்வர் கூட்டத்தைப் பார்த்தார். ஒரு நொடி யோசித்தார். குரலைத் தணித்துக்கொண்டு, "அந்த வடக்குப் பக்கத்துப் பசங்க பையை மட்டும் சத்தமில்லாம பாத்துடலாம். அந்தப் பின்னல் போட்ட பொண்ணு கையில அது இருந்துச்சு, நானே பாத்தேன்," என்றார்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. ஜூபிலி வேலிப் பக்கம் பையைக் கட்டிக்கொண்டு நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்டுவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். கடையில் பின்னாலேயே ஆள் வரும்போது எங்களுக்கெல்லாம் வரும் முகம் அது.

"மேடம், இங்க வழக்கம் எல்லாரும்," என்றேன். முற்றம் முழுக்கக் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். "ஒருத்தர் பையைப் பாத்தா எல்லார் பையும். இல்லன்னா யார் பையும் இல்ல. நாலாம் வாசல் வழியா எல்லாரும் போகட்டும்."

நாலாம் வாசலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹாலரனில் மாணவர்கள் நுழைகிற வாசல் அது. அங்கே ஒரு மெட்டல் டிடெக்டர் நிற்கிறது. தினமும் காலையில் பெல்ட்டைக் கழற்றி, பாக்கெட்டைக் காலி செய்து, பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் படிக்கப் போவோம். குளிரில் வரிசை தெருமுனை வரைக்கும் நிற்கும். விருந்தாளிகளுக்கு முன்வாசல். அங்கே பூச்சாடி இருக்கிறது.

"டெல்ஃபின், இன்னொரு வார்த்தை பேசினே, திங்கக்கிழமை நீ உன் பேட்டை ஸ்கூல்ல இருப்பே."

பயமாக இருந்தது. பொய் சொல்லமாட்டேன். ஆனால் கோபம் அதைவிட அதிகமாக இருந்தது.

"சரி மேடம். திங்கக்கிழமை போறேன். அட்டை இங்கேயே இருக்கும். அத எடுக்க நான்தான் வரணும்."

அர்மின் முதலில் நகர்ந்தான். பெல்ட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, "நான் ரெடிப்பா. ஆனா பேண்ட் நிக்காது, சொல்லிட்டேன்," என்று நாலாம் வாசலைப் பார்த்து நடந்தான். எங்கள் வகுப்பு முழுக்கப் பின்னால் போனது. லோமாக்ஸ் கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டு போனார். பெற்றோர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒரு அம்மா, "என் பிள்ளை தினமும் இதுலதான போகணும்? நானும் பாக்கறேன்," என்று வரிசையில் சேர்ந்தாள். அதற்குப் பிறகு வரிசை தானாக நீண்டது.

நாலாம் வாசலில் மிஸ் அர்லீத்தா நின்றாள். எங்கள் காவலாளி. குண்டு, வெள்ளெழுத்துக் கண்ணாடி, ஊரில் இருக்கும் ஒருவரையும் விட்டுவைக்காத நாக்கு.

"பெல்ட்டு. சாவி. சில்லறை. கையத் தூக்கு கண்ணு. போ." ஒவ்வொருவருக்கும் அதே பாட்டு. ஜூபிலியின் முறை வந்தது. அவள் பையை மேசையில் வைத்தாள், வாசலுக்குள் நடந்தாள். டிடெக்டர் கம்மென்று இருந்தது. பைக்குள் நோட்டுகளும் ஒரு சிவப்பு அட்டையும் மட்டும். நான் முதல்வரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் பார்த்தார்.

கெல்லர்மன் ரவியோலித் தட்டோடு ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாருக்கு வேண்டாம்," என்றார் முதல்வர்.

"ஏன், சார் என்ன காத்தடைச்ச பையா?" என்றாள் அர்லீத்தா. "எல்லாரும்னு சொன்னாங்க. நான் எண்ணெழுத்து தெரியாதவ, எல்லாரும்னா எல்லாரும்னுதான் எனக்குப் புரியும்."

கெல்லர்மன் பெருந்தன்மையாகச் சிரித்தார். "விடுங்க டாக்டர் ஹைன்ஸ். பசங்களோட பசங்களா நானும் போறேன்."

உள்ளே அடி வைத்ததும் டிடெக்டர் அலறியது.

"பெல்ட்டு," என்றாள் அர்லீத்தா.

கழற்றினார். மறுபடி அலறியது.

"சாவி, போனு, சில்லறை. எந்த ஹைஸ்கூல் சார் நீங்க?"

அவர் ஏதோ ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொன்னார். வரிசையில் நின்ற அத்தனை பெற்றோரும் ஒன்றாகச் சிரித்துவிட்டார்கள். வெளியூர்க்காரர்கள் எல்லோரும் செய்கிற தப்பு அது.

மூன்றாம் தடவையும் அலறியது. கோட்டுப் பாக்கெட்டுக்குள் கையை விட்டார். கை அப்படியே நின்றது. குறடை வெளியே எடுத்தார். அதைப் பார்த்து அவருக்கே வியப்பாக இருந்தது என்று நான் நம்புகிறேன். இழுத்து இழுத்து விளையாடியபடியே பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ரவியோலி தின்னப் போயிருக்கிறார். திருட்டு இல்லை. ஜூபிலியின் பாக்கெட்டில் இருந்திருந்தால் யாராவது அப்படிச் சொல்லியிருப்பார்களா?

ஒருவரும் சிரிக்கவில்லை. ஜூபிலி போய்க் கையை நீட்டினாள். அவர் கொடுத்தார். அவள் குறடை என்னிடம் கொண்டுவந்து தந்தாள். நான் பலகையில் மாட்டினேன், காற்றாடியில் இருந்து அட்டையைக் கழற்றினேன். லோமாக்ஸ் என்ஜினை ஓட்டினார். அது இருமி, புகைவிட்டு, பிடித்துக்கொண்டது. முற்றத்தில் கிடந்த இலைகள் எல்லாம் வேலியைத் தாண்டிப் பறந்தன. குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு கத்தினார்கள். 

திங்கட்கிழமை என்னைப் பேட்டைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. அனுப்ப முதல்வருக்கு வாய் வந்திருக்காது. ஆனால் கிறிஸ்துமஸ் முடிந்து வந்த அறிக்கையில் கெல்லர்மன் எழுதியிருந்தார்: விமானப் பிரிவு மாணவர்கள் நிர்வாகத்துக்குக் கட்டுப்படுவதில்லை, செலவு அதிகம், மூடிவிடலாம். கொட்டகையைக் கணினி விளையாட்டு அரங்கமாக மாற்றலாமாம். வீட்டில் உட்கார்ந்து விளையாடினால் அம்மா அடிப்பாள், பள்ளியில் விளையாடினால் அரசாங்கம் பணம் தருமாம். விமானத்தையும் கருவிகளையும் பிப்ரவரியில் லாரி வந்து ஏற்றிக்கொண்டு போகும் என்றார்கள். இத்தனைக்கும் அந்த வருஷக் குலுக்கலில் எங்கள் பிரிவைக் கேட்டு எழுதியவர்கள் அளவுக்கு வேறு எந்தப் பிரிவையும் யாரும் கேட்கவில்லை. அதைப் பற்றி அறிக்கையில் ஒரு எழுத்து இல்லை.

லாரி வருவதற்கு முந்தின நாள் நான் அட்டைக் கட்டை எடுத்தேன். லோமாக்ஸ் பார்த்துவிட்டார்.

"அது ஆபத்துக்குத்தான். கோபத்துக்கு இல்ல," என்றார்.

"என்ஜின் பாதி பிரிச்சுக் கிடக்கு சார். ஆள் வேலை செஞ்சுட்டிருக்கற மெஷினை இன்னொருத்தன் தூக்கினா அது ஆபத்து இல்லையா?"

அவர் என்னைப் பார்த்தார். விமானத்தைப் பார்த்தார். நான் சொன்னது உண்மைதான், ஆறு பேர் அதற்குள் வேலை செய்துகொண்டிருந்தோம். பேனாவை எடுத்து என் பக்கம் தள்ளிவிட்டு வெளியே போய்விட்டார்.

கொட்டகையின் பெரிய கதவில், பூட்டுத் தொங்கும் சங்கிலியில், வகுப்பு முழுக்க ஆளுக்கு ஒரு அட்டை கட்டினோம். பெயர். காரணம்: உள்ளே வேலை நடக்கிறது. அர்மின் காரணத்தில், 'வெங்காயம் உரிக்கத் தெரியாது' என்று எழுதினான். கிழித்துப்போட்டு வேறு எழுத வைத்தேன்.

மறுநாள் லாரி வந்தது. யூனியன் ஆட்கள் நாலு பேர், தடித்த கையுறை, தோளில் கயிறு. முன்னால் வந்த பெரியவர் கதவருகே வந்ததும் நின்றார். ஒரு அட்டையைக் கையால் தொடாமல் குனிந்து படித்தார். அடுத்ததைப் படித்தார். திரும்பி ஆட்களிடம், "இறக்குங்கடா கயித்த," என்றார்.

முதல்வர் கோட்டுக்கூடப் போடாமல் ஓடிவந்தார். "அது பசங்க விளையாட்டு. வெட்டி எறிங்க."

"மேடம், எங்க ஆள் ஒருத்தன் இந்த மாதிரி அட்டையை வெட்டிட்டு மெஷினுக்குள்ள கைய விட்டான். இப்ப இடது கையால சாப்பிடறான்." பெரியவர் கையுறையைக் கழற்றினார். "மாட்டினவங்க வந்து எடுக்கட்டும். அதுவரைக்கும் நாங்க காபி குடிக்கிறோம். எங்க சங்கத்துக்கு வேணா போன் போடுங்க. அவங்களும் இதையேதான் சொல்லுவாங்க."

முதல்வர் எங்கள் பக்கம் திரும்பினார். நாங்கள் வரிசையாக நின்றோம்.

"எடுங்க. இல்லன்னா ஒவ்வொருத்தரையும் சஸ்பெண்ட் பண்ணுவேன். உங்க பேர் எல்லாம் இதுலயே இருக்கு."

"தெரிஞ்சுதான் மேடம் எழுதினோம்," என்றேன்.

அவர் ஒவ்வொரு அட்டையாகப் பெயர் படிக்க ஆரம்பித்தார். ரக்கர். ஹோஜிச். படிக்கப் படிக்கக் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. நாங்கள் யார் யார் என்று அவருக்குத் தெரியும். ஒவ்வொருவரையும் குலுக்கல் முடிந்து வந்த நாளில் கைகுலுக்கி வரவேற்றவர் அவர். கடைசி அட்டையில் நின்றார். சங்கிலியின் அடியில், மற்றவற்றைவிடத் தாழ்வாக அது கட்டியிருந்தது. அதை நானும் அப்போதுதான் பார்த்தேன்.

"இது யாரு?"

பெயர்: ஜூபிலி டர்னர். உருண்டை உருண்டையான எழுத்து. காரணம்: நான் இன்னும் உள்ளே வரவேயில்லை.

வாசல் பக்கம் நின்ற மிஸ் அர்லீத்தா தொண்டையைக் கனைத்தாள். "நேத்து சாயங்காலம் ஒரு சின்னப் பொண்ணு வந்துச்சு. லாரி வருதுன்னு கேள்விப்பட்டு ரெண்டு பஸ் மாறி வந்துச்சாம். குலுக்கல்ல இந்தப் பிரிவைத்தான் கேட்டு எழுதியிருக்காம். டிடெக்டர் கத்தல. விட்டுட்டேன்."

"நம்ம ஸ்டூடண்ட் இல்லையே இவ," என்றார் முதல்வர்.

"இல்ல மேடம்," என்றேன். "அதனால நீங்க சஸ்பெண்ட் பண்ண முடியாது. எடுக்கச் சொல்லி உத்தரவு போடவும் முடியாது."

லாரிக்காரப் பெரியவர் காபியை உறிஞ்சியபடி, "அந்தப் பொண்ணு எப்ப வரும்?" என்று கேட்டார்.

முதல்வர் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். கையை நீட்டினார், ஆனால் தொடவில்லை.

"ஆகஸ்ட்ல," என்றேன் நான். "ஸ்கூல் திறக்கற அன்னைக்கு. அவ வந்து எடுப்பா."